பல்லாவரத்துப் பெரியவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதும் பிள்ளைகள், இங்கே புதிதாக வீடு வாங்கி வந்தவர்கள், வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவரவர் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். மேலே சொன்னது கீழே தேவைப்படும் இடத்தில் "முன்பு பார்த்தோம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன், ஆகவே முதலிலிருந்து படிப்பது நல்லது.

பல்லாவரத்துல பெரிய ஆளுங்க யாராவது இருந்தாங்களா? வெள்ளிக்கிழமை சந்தையும் ஏர்போர்ட்டும்தானே தெரியும்?

இருந்தார்கள். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று கிடைத்தது பல்லாவரத்தில். அதைக் கண்டெடுத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். தனித்தமிழ் இயக்கம் உருவானதும் இந்த ஊரின் ஒரு வீட்டில்தான், அங்கே வாழ்ந்தவர்கள் மறைமலையடிகளும் அவர் மகள் நீலாம்பிகையும். இவர்களுக்கு ஆயிரத்து முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே முதலாம் மகேந்திரவர்மன் இங்கே மலையைக் குடைந்திருக்கிறான்.

சந்தையும் ஏர்போர்ட்டும் கண்ணுக்குத் தெரிகின்றன. இவர்கள் விட்டுப்போனதைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஊர்ப் பள்ளிகளில்கூட இவர்கள் படம் மாட்டியிருப்பதை அதிகம் பார்க்க முடியவில்லை என்பது எனக்குள்ள பெரிய வருத்தம்.

பல்லவர் ஊருன்னு சொல்றாங்க, சரி. எந்தப் பல்லவர்? இப்ப ஏதாவது மிச்சம் இருக்கா?

பல்லவபுரம் என்பதே பல்லாவரம் ஆனது. இங்கே நேரடியாகக் கைத்தடம் பதித்தவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன். மலையைக் குடைந்து கோயில் எடுக்கும் பழக்கத்தைத் தமிழகத்தில் பரப்பியவன், 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதியவன். அவன் குடைவித்த குகைகளில் ஒன்று பல்லாவரத்தில் பஞ்சபாண்டவர் மலை என்று சொல்லப்படும் குன்றில் இருக்கிறது. பின்சுவரில் ஐந்து அறைகள் வெட்டியிருப்பதால் பாண்டவர் பெயர் ஒட்டிக்கொண்டது, மற்றபடி மகாபாரதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

இந்தக் குகையில் அரசனுடைய போரோ தானமோ எழுதப்படவில்லை. தூண்களுக்கு மேலே ஓடும் உத்திரங்களில் பல்லவ கிரந்த எழுத்தில் அவனுடைய பட்டப்பெயர்களை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்றெல்லாம் அவனுக்குப் பட்டங்கள் உண்டு. அரசன் தன்னை எப்படியெல்லாம் அழைத்துக்கொள்ள ஆசைப்பட்டான் என்பதை அந்த உத்திரங்கள் காட்டுகின்றன.

அந்தக் குகைதான் இப்ப தர்காவா? உள்ளே போகலாமா?

ஆமாம், அதேதான். இந்துக் கோயிலாகக் குடையப்பட்ட இடம் பிற்காலத்தில் தர்காவாகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கல்வெட்டும் அங்கேயே இருக்கிறது. இதை வைத்துச் சண்டை மூட்டப் பார்க்கும் செய்திகள் அவ்வப்போது கைப்பேசிக்கு வரும், அவற்றை அனுப்பாமல் நிறுத்திவிடுங்கள்.

வழிபாட்டு இடத்துக்குப் போகிற மரியாதையோடு போனால் போதும். செருப்பைக் கழற்றி, தலையை மூடி, அங்கே இருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு பாருங்கள். கல்வெட்டின் மேல் கை வைக்கவோ சுண்ணாம்பைச் சுரண்டவோ வேண்டாம்.

ராபர்ட் புரூஸ் ஃபூட் யாரு? இங்க என்ன கண்டுபிடிச்சார்?

ஃபூட் இங்கிலாந்தில் 1834-இல் பிறந்தவர். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவருடைய வேலை பாறைகளையும் மண் அடுக்குகளையும் வரைபடமாக்குவது. மனிதன் எவ்வளவு பழையவன் என்ற விவாதம் அப்போது ஐரோப்பாவில் சூடாக இருந்தது. பிரான்சில் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கல் ஆயுதங்களும் கிடைப்பது உண்மைதான் என்று 1859-இல் அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி ஃபூட்டின் மனத்தில் இருந்தது.

1863 மே 30. பல்லாவரத்தில் பட்டாளத்தார் தங்கிய கண்டோன்மென்ட் பக்கத்தில் சரளைக்காகத் தோண்டிய ஒரு சிறு குழி. தோண்டி வெளியே போட்ட செம்மண் சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. மனிதன் செதுக்கிய கைக்கோடரி அது. இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் காணப்பட்ட முதல் கல் அதுதான். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே அவரும் உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டார்கள்.

கீழ கிடந்த ஒரு கல்லை எடுத்து இது ஆயுதம்னு எப்படிச் சொல்ல முடியும்? தானா உடைஞ்சிருக்கலாமே?

நல்ல கேள்வி. ஃபூட் காலத்திலும் இதையே கேட்டார்கள். கல் தானாக உடைந்தால் எங்கே பலவீனமோ அங்கே ஒழுங்கில்லாமல் உடையும். மனிதன் அடித்துச் செதுக்கினால், அடி விழுந்த இடத்திலிருந்து சில்லு பெயர்ந்து சிப்பியின் உட்புறம் போல ஒரு குழிவு விழும். கைக்கோடரியில் அத்தகைய குழிவுகள் இரண்டு பக்கமும் வரிசையாக, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு விளிம்பு வரை வரும். விளிம்பு கூர்மையாகவும், ஒரு முனை குறுகியும், மறுமுனை உள்ளங்கையில் அடங்கும்படி தடித்தும் இருக்கும். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு அடி தற்செயலாக விழலாம், இப்படி இரு முகத்திலும் ஒரே வடிவத்தை நோக்கி விழாது.

கல்லின் வகையும் ஒரு சாட்சி. இந்தக் கருவிகள் குவார்ட்சைட் கல்லில் செய்தவை. பல்லாவரத்து மலை வேறு வகைப் பாறை. அதன் கதை கீழே கல்கத்தா கேள்வியில் வரும்.

அந்தக் கல் இப்ப எங்க இருக்கு? கண்டெடுத்த இடத்துல ஏதாவது இருக்கா?

ஃபூட் வாழ்நாள் முழுக்கத் தென்னிந்தியாவிலும் குஜராத்திலும் சேர்த்த தொல்பொருள்களை 1904-இல் சென்னை அரசு 40,000 ரூபாய்க்கு வாங்கியது. அன்றைக்கு அது பெரிய தொகை. அந்தச் சேகரிப்பு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போனது. பல்லாவரத்துப் பழங்காலத்தைப் பார்க்க வேண்டுமானால் ரயில் ஏறி எழும்பூருக்குத்தான் போக வேண்டும்.

கண்டோன்மென்ட் பகுதி இன்னும் ராணுவத்தின் கையில் இருக்கிறது, நினைத்தபோது உள்ளே போக முடியாது. வெளியே பொது இடத்தில், நாலு பேர் நின்று படிக்கிற மாதிரி ஒரு கல்வெட்டு வைக்கலாம். பல்லாவரம் நகராட்சியாக இருந்தபோது செய்திருக்கலாம். 2021 நவம்பரில் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இப்போது மாநகராட்சி செய்யட்டும்.

15 லட்சம் வருஷத்துக் கல்லுன்னு வாட்ஸ்அப்ல வருதே, அது பல்லாவரத்துக் கல்தானே?

இல்லை. அந்தக் கணக்கு அத்திரம்பாக்கத்துக்கு உரியது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே பல ஆண்டுகள் முறையாக அகழ்ந்து, கருவிகள் புதைந்திருந்த அடுக்குகளை அறிவியல் முறையில் அளந்து, சுமார் 15 லட்சம் ஆண்டு என்ற முடிவை 2011-இல் வெளியிட்டார்கள். பல்லாவரத்தில் ஃபூட் எடுத்தது குழியிலிருந்து வெளியே வந்துவிட்ட ஒற்றைக் கல், அது எந்த அடுக்கில் கிடந்தது என்று இன்று அளக்க வழியில்லை. நம் ஊருக்கு உரிய பெருமை முதலில் கண்டது. பழமையின் அளவு அத்திரம்பாக்கத்தாருடையது, அதை அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

ஃபூட் வெள்ளைக்காரர். அவருக்கும் தமிழுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

மாமனார் வழியில் நல்ல சம்பந்தம் உண்டு. ஃபூட் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கிய பெர்சிவல்தான் இவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவர், சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' என்ற இதழை நடத்தியவர், மாநிலக் கல்லூரியில் பேராசிரியராகவும் இருந்தவர். ஆக, பல்லாவரத்துக் கைக்கோடரியைக் கண்டெடுத்தவர் குடும்பத்தில் நாவலரை நேரில் அறிந்த ஒரு பெரியவர் இருந்தார்.

ஃபூட் ஓய்வுக்குப் பிறகு பரோடா, மைசூர் அரசுகளுக்கு வேலை செய்தார், ஏற்காட்டில் வாழ்ந்தார், 1912-இல் கல்கத்தாவில் காலமானார். ஏற்காட்டுத் தேவாலயத்தில் அவர் நினைவைப் பேணுகிறார்கள்.

மண்ணுல செஞ்ச சவப்பெட்டி கிடைச்சதுன்னு சொல்றாங்களே, அதுவும் ஃபூட் எடுத்ததா?

அது வேறு ஆள், வேறு காலம். 1880-களின் இறுதியில் அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியலாளர் பல்லாவரம் குன்றுப் பகுதியில் சுடுமண் ஈமப்பேழையைக் கண்டெடுத்தார். நீளவாக்கில் தொட்டி போல, அடியில் குட்டை குட்டையாகக் கால்கள் வைத்த பேழை. பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்குச் செய்தது. கைக்கோடரிக் காலத்துக்கும் இதற்கும் நடுவே பல்லாயிரம் தலைமுறைகள் உண்டு. இதே ரீதான் பின்னால் ஆதிச்சநல்லூரில் பெரிய அளவில் தோண்டியவர்.

மறைமலையடிகள் பல்லாவரத்துக்காரரா?

பிறந்தது நாகப்பட்டினம், 1876 ஜூலை 15. பெற்றோர் வைத்த பெயர் வேதாசலம். பள்ளிப்படிப்பை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, நாகையில் நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழும் பிறகு சோமசுந்தர நாயகரிடம் சைவ சித்தாந்தமும் கற்றார். 1898-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். பல்கலைக்கழகம் தமிழை விருப்பப் பாடமாக ஆக்கியதால் வகுப்புகள் குறைந்தன. 1911-இல் கல்லூரியை விட்டு வந்து பல்லாவரத்தில் குடியேறினார். அதே ஆண்டு துறவாடை உடுத்தார், ஆனால் மனைவி மக்களோடுதான் வாழ்ந்தார்.

1950 செப்டம்பர் 15-இல் காலமாகும்வரை, கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் பல்லாவரம்தான் அவர் ஊர். அவருடைய பெரும் பணி இங்கே நடந்தது. சாவடித் தெருவில் அவர் வாழ்ந்த வீட்டைச் சொல்லி வழி கேட்டால் பழைய ஆட்கள் காட்டுவார்கள்.

அவர் தினமும் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினாராமே? பல்லாவரம் பக்கத்துலதானே இருக்கு?

இது மிகப் பரவலாக இருக்கும் தவறு. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது 1937-இல். அடிகள் அங்கே வேலை பார்த்த 1898 முதல் 1911 வரை கல்லூரி இருந்த இடம் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, ஜார்ஜ் டவுனில். பல்லாவரத்துக்கு அவர் வந்ததே வேலையை விட்ட பிறகு. கல்லூரிக்குப் பக்கத்தில் இருப்பதால் பல்லாவரத்தைத் தேர்ந்தெடுத்தார் என்ற கதை ஆகவே நிற்காது.

அந்த ஜார்ஜ் டவுன் கல்லூரியில் அவரோடு வேலை பார்த்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டவர், 1903-இலேயே இளம் வயதில் இறந்துவிட்டார். அடுத்த கேள்விக்கு இந்த நட்பு முக்கியம்.

தனித்தமிழ் இயக்கம் பல்லாவரத்துல, ஒரு வீட்டுத் தோட்டத்துலதான் ஆரம்பிச்சதுன்னு சொல்றது உண்மையா?

இயக்கமாக உருவெடுத்தது 1916-இல் பல்லாவரத்தில்தான். அடிகள் தம் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலாவிக்கொண்டே வள்ளலார் பாட்டு ஒன்றைப் பாடினார். அதில் 'உற்ற தேகத்தை உயிர்மறந் தாலும்' என்று வரும். தேகம் என்ற வடசொல்லின் இடத்தில் யாக்கை என்ற தமிழ்ச்சொல் இருந்தால் பாட்டு இன்னும் எவ்வளவு சுவையாக இருக்கும் என்று மகளிடம் சொன்னார். நீலாம்பிகைக்கு அப்போது 13 வயது. இனி நாம் பிறமொழிச் சொல் கலக்காமலே பேச வேண்டும், எழுத வேண்டும் என்று அப்பாவும் மகளும் முடிவெடுத்தார்கள்.

அதற்கு முன்பே எண்ணம் இருந்தது. பரிதிமாற் கலைஞரை மேலே சொன்னேன், அவர் பெயரை மாற்றிக்கொண்டது இதற்குப் பல ஆண்டுகள் முன்னால். ஆனால் தனி ஒருவரின் விருப்பமாக இருந்ததை எழுத்திலும் பேச்சிலும் கடைப்பிடிக்கும் கொள்கையாக்கி, ஊர் ஊராகப் பேசி, மற்றவர்களையும் சேர்த்தது பல்லாவரத்து வீடு. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். 'ஞானசாகரம்' இதழ் 'அறிவுக்கடல்' ஆனது. அவர் நிறுவிய சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆனது. பிள்ளைகள் பெயரும் தப்பவில்லை: மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார்.

இன்று நாம் அமைச்சர், தலைவர், விழா, வரவேற்பு என்று சாதாரணமாகச் சொல்கிறோம். தலைவரை அக்கிராசனர் என்றும் சொற்பொழிவை உபந்நியாசம் என்றும் அழைப்பிதழ் அடித்த காலம் ஒன்று இருந்தது. அந்த மாற்றத்துக்குப் பலர் உழைத்திருக்கிறார்கள், அதில் பல்லாவரத்துப் பங்கு பெரியது.

நீலாம்பிகைன்னா அடிகளோட பொண்ணுன்னு மட்டும்தான் தெரியும். தனியா ஏதாவது செஞ்சாங்களா?

நிறையச் செய்தார், அதைச் சொல்லத்தான் எனக்கு ரொம்ப ஆசை. 'தனித்தமிழ்க் கட்டுரைகள்' எழுதினார். எந்த வடசொல்லுக்கு எந்தத் தமிழ்ச்சொல் என்று தேடுபவர்களுக்காக 'வடசொற்றமிழ் அகரவரிசை' தொகுத்தார். கொள்கை சொல்வது எளிது, கடைப்பிடிக்க நினைப்பவன் ஒவ்வொரு வரியிலும் சொல்லுக்குத் திண்டாடுவான். அந்தத் திண்டாட்டத்துக்குப் பக்கம் பக்கமாக உட்கார்ந்து விடை தேடிக் கொடுத்தவர் அவர்.

1938 நவம்பர் 13-இல் சென்னையில் நடந்த தமிழ்நாடு பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் நீலாம்பிகையே. ஈ.வெ.ராமசாமிக்குப் பெரியார் என்ற பட்டம் தரும் தீர்மானம் நிறைவேறிய மாநாடு அது. தமிழ்நாடு முழுக்கச் சொல்லும் ஒரு பெயர் நிலைபெற்ற மேடையில் தலைவர் நாற்காலியில் பல்லாவரத்து வீட்டில் வளர்ந்த பெண் இருந்தார். அவரை வெறும் 'அடிகளின் மகள்' என்று ஒரு வரியில் முடிப்பது நியாயமே இல்லை.

வேளாளர் நாகரிகம்னு புத்தகம் எழுதினாரே, அடிகள் சாதி பார்த்தவர்தானே?

அந்த நூலை அவர் எழுதியது உண்மை. தமிழர் நாகரிகத்தின் நடுவே வேளாளரை வைத்த பார்வை அவருக்கு இருந்தது. அதன்மேல் வைக்கப்படும் விமர்சனம் நியாயமானது, மறைக்க வேண்டியதில்லை. அதே மனிதர் 'சாதி வேற்றுமையும் போலிச் சைவரும்' என்ற நூலில் சைவர் என்று சொல்லிக்கொண்டு சாதி பாராட்டுபவர்களைக் கடுமையாகச் சாடினார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்தார். சுயமரியாதை இயக்கத்தாரோடு கடவுள் விஷயத்தில் மோதிவிட்டு, இந்தித் திணிப்பை எதிர்க்கும் போராட்டத்தில் அவர்களோடு ஒரே அணியில் நின்றார்.

பள்ளிக் கட்டுரைக்கு இரண்டையும் எழுதுங்கள். பாதியை விட்டுவிட்டு எழுதினால் அது அவரைப் பற்றிய கட்டுரை ஆகாது.

அடிகளோட புத்தகங்கள் எல்லாம் என்ன ஆச்சு?

பல்லாவரத்து வீட்டில் அவர் வைத்திருந்த நூலகத்தின் பெயர் மணிமொழி நூல்நிலையம். ஏறக்குறைய 4,000 நூல்கள். தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றிலும் வாங்கிச் சேர்த்தவை. தமக்குப் பின் அவை மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விருப்ப ஆவணத்தில் எழுதி வைத்தார். நீலாம்பிகையின் கணவர் திருவரங்கனாரும் அவர் தம்பி சுப்பையா பிள்ளையும் நடத்திய சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அந்த நூல்களை எடுத்து, 1958-இல் சென்னை லிங்கிச்செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் திறந்தது. பின்னாளில் அது கன்னிமாரா நூலகத்துக்கு வந்து சேர்ந்தது.

மறைமலை நகர்லதானே அவர் இருந்தார்? சைதாப்பேட்டை பாலத்துக்கும் ஏன் அவர் பேர்?

மறைமலை நகரில் அவர் இருந்ததில்லை. செங்கல்பட்டுப் பக்கம் அரசு திட்டமிட்டு உண்டாக்கிய புதுநகரம் அது, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பெயரைச் சூட்டினார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே இருக்கும் மறைமலையடிகள் பாலமும் அவர் நினைவுக்கு வைத்த பெயரே.

அந்தப் பாலத்துக்கு அதற்கு முன்பு மர்மலாங் பாலம் என்று பெயர். பழைய பாலத்தை 1726-இல் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பரங்கிமலை மேல் ஏறும் படிகளைச் சீராக்கியவரும் அவரே. புனிதத் தோமையார் மலைக்குப் போகும் பக்தர்கள் ஆற்றைக் கடக்கத் திண்டாடாமல் இருக்கப் பாலம், மலை ஏறத் திண்டாடாமல் இருக்கப் படி. இந்தப் பக்கத்து மக்கள் நூற்றாண்டுகளாக அவர் செலவில் நடந்திருக்கிறார்கள்.

பம்மல் சம்பந்த முதலியார் நம்ம பம்மல்காரர்தானே?

குடும்பத்தின் பூர்வீகம் பம்மல். அவர் பிறந்து வளர்ந்தது சென்னை நகருக்குள், 1873-இல். 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, படித்தவர்கள் மேடை ஏறுவது இழுக்கு என்று நினைத்த காலத்தில் வக்கீல்களையும் அதிகாரிகளையும் வேஷம் கட்ட வைத்தார். தாமும் வழக்கறிஞர், பிறகு நீதிபதி. 'மனோகரா' உட்படத் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1959-இல் பத்மபூஷண் பெற்றார். பம்மல் என்ற பெயரைக் கடைசிவரை முன்னால் போட்டுக்கொண்டாரே, அந்த உரிமையில் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம்.

குரோம்பேட்டைக்கு அந்தப் பேர் வரக் காரணம் ஒரு வெள்ளைக்காரராமே?

ஆமாம், சேம்பர்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோம் முறையில் தோல் பதனிடும் ஆலையை இங்கே நிறுவினார். அதுவரை நம் ஊர்களில் ஆவாரம்பட்டை ஊறவைத்துப் பதனிடுவதுதான் வழக்கம். குரோம் உப்பு வந்ததும் வேலை சீக்கிரம் முடிந்தது, தோலும் தண்ணீருக்குத் தாங்கியது. குரோம் லெதர் கம்பெனி இருந்த பேட்டை குரோம்பேட்டை.

பல்லாவரம், பம்மல் பக்கம் தோல் தொழிலில் வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். அந்தத் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட கதையும் இந்த வட்டாரத்து வரலாறுதான்.

கல்கத்தாவுல இருக்கற கல்லறைக்கு நம்ம ஊர்க் கல் போச்சுன்னு சொல்றது நிஜமா?

கல்கத்தா வரலாற்றில் பேசப்படும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. 1893-இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லறைப் பலகையைப் பார்த்தார். சென்னைப் பக்கம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் தாம் ஆராய்ந்துவந்த பாறையின் வகையேதான் அது என்று கண்டு, அந்தப் பாறை வகைக்கு சார்னாக்கைட் என்று பெயரிட்டார். உலகம் முழுக்க நிலவியல் புத்தகங்களில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பரங்கிமலையை இதற்காகவே தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறார்கள்.

புதிதாக உடைத்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கருநீலமும் சாம்பலும் கலந்து, எண்ணெய் தடவியது போன்ற மினுக்கம் இருக்கும். பழைய வீடுகளின் அஸ்திவாரத்தில் இந்தக் கல்லைப் பார்க்கலாம். குவாரிகள் தின்றது போக மீதி இருக்கும் குன்றுகளையாவது விட்டுவைக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் விமானம் பல்லாவரத்துல பறந்ததா?

மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் 1910-இல் சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் கட்டச் செய்து, முதலில் பல்லாவரத்தில் பறக்கவிட்டுப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்து காட்டினார். அலகாபாத்தில் புகழ்பெற்ற விமானத் தபால் பறந்தது 1911 பிப்ரவரியில், அதற்கு இது முந்தியது. 'முதல்' என்ற பட்டத்துக்கு வேறு ஊர்களும் போட்டி போடும், அதில் நான் இறங்கவில்லை. மீனம்பாக்கம் விமான நிலையம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பல்லாவரத்து வானத்தில் விமானம் பறந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்லலாம்.

லாம்டன், சேக்கிழார் இவங்களையெல்லாம் ஏன் சேர்க்கலை?

சேக்கிழார் குன்றத்தூர்க்காரர். அந்த ஊர் அவரை நன்றாகவே கொண்டாடுகிறது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10-இல் பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் நோக்கி நூறடிச் சங்கிலியால் பன்னிரண்டு கிலோமீட்டர் அடிக்கோட்டை 57 நாள் அளந்தார். இமயம் வரை போன பெரும் நில அளவை அந்தக் கோட்டில் தொடங்கியது. பெரிய காரியம், ஆனால் அது பரங்கிமலையின் பெருமை. அங்கே அவருக்குச் சிலையும் இருக்கிறது. பக்கத்து ஊர் ஆளை இழுத்துவந்து பட்டியலை நீட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

சமந்தா பல்லாவரம்தானே?

ஆமாம், நடிகை சமந்தா வளர்ந்தது பல்லாவரத்தில்.

நீங்க சொன்னவங்கள்ல பெரும்பாலும் யாருமே இங்க பிறக்கலையே, அப்புறம் எப்படி நம்ம ஊர்க்காரங்க?

பிறப்பை வைத்துப் பார்த்தால் பல்லாவரத்தில் இன்று குடியிருப்பவர்களில் பாதிப்பேர்கூட ஊர்க்காரர் ஆகமாட்டோம். புறநகர் என்றாலே பிழைப்புக்கும் அமைதிக்கும் இடம் தேடி வந்தவர்கள் சேர்ந்து உண்டாக்கியதுதான். நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: அவர் செய்த காரியத்துக்கு இந்த இடம் தேவைப்பட்டதா? ஃபூட்டுக்கு இந்தச் சரளைக் குழி தேவைப்பட்டது. ஹாலண்டுக்கு இந்தப் பாறை. அடிகளுக்கு வேலையை விட்ட பிறகு உட்கார்ந்து எழுத ஒரு வீடும் தோட்டமும் தேவைப்பட்டன, பல்லாவரம் கொடுத்தது. ஆகவே இவர்கள் ஊர்க்காரர்கள். சம்பந்த முதலியாரைப் பெயர் உரிமையில் மட்டும் சேர்த்தேன் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும். எங்க ஆரம்பிக்கறது?

ஒரு காலை நேரத்தில் பஞ்சபாண்டவர் மலைக் குகையைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சாவடித் தெருவுக்கு வந்துவிடலாம். இன்னொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகம். கற்காலக் கருவிகள் எந்தக் கூடத்தில் இருக்கின்றன என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கைக்கோடரியின் முன்னால் நின்று, மேலே சொன்ன குழிவுகளை எண்ணச் சொல்லுங்கள், சிறு பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். கன்னிமாரா நூலகம் அதே வளாகத்தில்தான். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போய்த் திரும்பி வராதீர்கள்.